அரம் வழுக்கும் எஃகு

பழைய பேரிங் ஒன்றின் உள்வளையத்தை வைஸில் பிடித்து, அதன் மேல் புது அரத்தை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். அரம் கடிக்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். வளையத்தில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. அரத்தின் பற்களில் நாலைந்து மழுங்கியிருக்கும். சூடேற்றித் தோய்ச்சல் கொடுத்த எஃகின் குணம் இது. பட்டறைகளில் இதை ‘ஹார்டு’ என்று ஒரே சொல்லில் சொல்லி ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஹார்டு ஆன ஜாப் கிரைண்டிங்குக்குப் போக வேண்டியது, லேத்தில் ஏறக் கூடாது என்பது கோவையில் கடைசல் வேலை பழக வரும் பையன் முதலில் கேட்டுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று.

நான் அந்த எஃகை வீட்டு லேத்தில்தான் கடைகிறேன். லேத் என்றதும் பீளமேட்டிலும் கணபதியிலும் பட்டறைக்குப் பட்டறை நிற்கிற, டன் கணக்கில் எடையுள்ள கியர் லேத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையது 40 கிலோவை ஒட்டிய மேசை லேத். ஒரு ஆள் தம் கட்டித் தூக்கிவிடலாம். பெட்டுக்கு மேல் சுமார் 180 மி.மீ. விட்டம் சுழலும், சென்டர்களுக்கு நடுவே சுமார் 350 மி.மீ. நீளம் பிடிக்கும். இந்தச் சின்ன இயந்திரத்தில் 60 ராக்வெல் எஃகைக் கண்ணாடி மினுக்கத்தோடு இறக்க முடியும் என்பதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

தேவை என்ன என்று கேட்பவர்கள் ஒருமுறை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் குனிந்து தேடிப் பார்க்க வேண்டும். பேரிங் வளையங்கள், பிஸ்டன் பின்கள், டவல் பின்கள், ஏதோ ஓர் இயந்திரத்திலிருந்து கழற்றிய லீனியர் ஷாஃப்ட் துண்டுகள். எல்லாம் உயர்ந்த எஃகு. எல்லாம் மைக்ரான் கணக்கில் ஏற்கெனவே கிரைண்டிங் செய்யப்பட்டவை. ஒரு சின்ன ஸ்பிண்டிலுக்கோ, கைடு பின்னுக்கோ, தேயாத புஷ்ஷுக்கோ இதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது. வேண்டியதெல்லாம் ஒரு முனையைக் கொஞ்சம் குறைப்பது, ஒரு துளையைக் கொஞ்சம் அகலப்படுத்துவது, அவ்வளவே. அதற்காகச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டு, மென்மையாக்கிக் கடைந்து, மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால், அந்தப் போக்கில் துண்டு கோணிக்கொள்ளும், மேலே செதில் படியும், தோலில் இருக்கும் கார்பன் எரிந்து போகும். ஏற்கெனவே கையில் இருந்த மைக்ரான் துல்லியத்தைத் தீயில் போட்டுவிட்டு மறுபடி அதைத் தேடுவதாக ஆகிவிடும்.

எங்கள் தெருக்கோடியில் கிரைண்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பிக்கு இது இன்னும் சமாதானமாகவில்லை. “ஏனுங்ணா இதைப் போயி லேத்துல மாட்டிச் சிரமப்படறீங்க? குடுங்க, சித்த நேரத்துல கிரைண்டிங் பண்ணிக் குடுத்தர்றேன்” என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அவருடைய மெஷினில் விட்டத்தை முடிக்கலாம். அதே பிடியில் தோள்பட்டையை ஃபேசிங் செய்து, ஒரு பள்ளம் போட்டு, நுனியில் மரையும் வெட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கழற்றி மாட்ட வேண்டும். லேத்தில் ஒரே பிடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரே பிடியில் வெட்டிய முகங்கள் ஒன்றுக்கொன்று மையம் தவறுவதில்லை. கழற்றி மாட்டிய துண்டுக்கு அந்த உறுதியை யாராலும் தர முடியாது.

லேத்திலேயே டூல்போஸ்ட் கிரைண்டர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள் இன்னும் சிலர். என் லேத்தின் பெட் மேல் சாணைத் தூள் விழ நான் சம்மதிக்க மாட்டேன். துணி போட்டு மூடினாலும் அந்தத் தூள் சேடிலுக்கு அடியில் போய்ச் சேரும். எண்ணெயோடு கலந்து ஒவ்வொரு நகர்விலும் பெட்டைத் தின்னும். கடைசலில் உதிர்வது சுருள். சுருளைப் பிரஷ்ஷால் தள்ளிவிடலாம்.

ராக்வெல் என்று நாம் தினமும் சொல்லும் கணக்கே பேரிங்கிலிருந்து பிறந்ததுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் இருந்த நியூ டிபார்ச்சர் பேரிங் ஆலையில் வேலை செய்த ஹ்யூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர், பேரிங் ரேஸ்களின் கடினத்தைச் சட்டென்று அளந்து பார்க்க ஒரு கருவியை உருவாக்கி 1914-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1919-ல் கிடைத்தது. 120 டிகிரிக் கோணமுள்ள வைரக் கூம்பை முதலில் 10 கிலோ விசையில் பதித்து, பிறகு 150 கிலோவரை ஏற்றி, மறுபடி 10 கிலோவுக்கு இறக்கி, கூம்பு எவ்வளவு கூடுதலாக உள்ளே இறங்கியது என்று பார்ப்பதே ‘சி’ அளவு. பேரிங் வளையங்கள் இந்த அளவில் 58-க்கும் 64-க்கும் நடுவே நிற்கும். வெட்டப் பயன்படும் ஹெச்.எஸ்.எஸ். டூலும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஜாப்பும் டூலும் சம பலத்தில் இருந்தால் யார் யாரை வெட்டுவது? ஹெச்.எஸ்.எஸ். இங்கே உதவாது. பழைய ஆட்கள் ‘விடியா’ என்று சொல்லும் டங்ஸ்டன் கார்பைடு அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கடினம். விக்கர்ஸ் அளவில் 60 ராக்வெல் எஃகு 700-ஐ ஒட்டி நிற்கும். கார்பைடு 1500-ஐத் தொடும் அல்லது தாண்டும். ஆகவே வழி இருக்கிறது.

எஃகு இவ்வளவு கடினமாவதற்குக் காரணம் அதற்குள் சிக்கிக்கொண்ட கார்பன். பேரிங் எஃகில் கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1.5 சதவீதம். சிவக்கக் காய்ந்த நிலையில் கார்பன் இரும்புக்குள் கரைந்து தாராளமாக உலவுகிறது. சட்டென்று எண்ணெயில் தோய்க்கும்போது வெளியேற நேரம் கிடைக்காமல் இரும்பணுக்களின் அடுக்குக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. அடுக்கு முறுக்கேறி இழுபட்டு நிற்கிறது. மார்ட்டன்சைட் என்பது இந்த இறுக்கம்தான். வெப்பம் இந்த இறுக்கத்தை மறுபடி தளர்த்தும் என்பது கடைசல்காரருக்கு முக்கியமான சேதி. கடின எஃகைக் கடையும் வித்தை முழுவதும் இதில்தான் இருக்கிறது. டூலின் முனைக்கு முன்னால், வெட்டுப்படப் போகும் மெல்லிய ஏட்டில் மட்டும் சூடு ஏறி அது இளக வேண்டும். இளகிய ஏடு சுருளாகச் சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிட வேண்டும். ஜாப் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதனால்தான் நான் இதற்குக் கூலன்ட் விடுவதில்லை. சொட்டுச் சொட்டாக விட்டால் இன்னும் மோசம்: காய்ந்து குளிர்ந்து, மறுபடி காய்ந்து குளிர்ந்து கார்பைடு முனையில் விரிசல் விழும்.

சரியாக வெட்டும்போது சுருள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தபடி வரும். ஆறிய பிறகு விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். ஒன்றை எடுத்து லென்ஸில் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் ரம்பப் பல். உலோகம் ஒரே ஓட்டமாக வழிந்து வராமல், உடைந்து உடைந்து, ஒவ்வொரு துணுக்கும் முந்தியதன் மேல் சறுக்கி ஏறியிருப்பது அதில் தெரியும். மென்மையான எஃகின் சுருளில் இந்த வரிசை இப்படித் தெளிவாக அமைவதில்லை.

வேகத்துக்கு வருகிறேன். கார்பைடுக்கு நான் நிமிடத்துக்கு 40 மீட்டரைச் சுற்றியே வைத்துக்கொள்கிறேன். 16 மி.மீ. தண்டு என்றால் அது நிமிடத்துக்கு 800 சுற்று. என் லேத்தின் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 1.5 மி.மீ.; 20, 80, 20, 80 பல் கியர்களைக் கோத்தால் ஒரு சுற்றுக்கு 0.094 மி.மீ. ஃபீட் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ. ஆழம் கொடுத்தால் நிமிடத்துக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவான உலோகமே கழிகிறது. அதற்கு 100 வாட்டுக்குள் திறன் போதும். மேசை லேத்தின் மோட்டாரில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது. ‘சின்ன லேத்துக்கு ஹார்டு ஜாப்பை வெட்டப் பலம் போதாது’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. பலம் இருக்கிறது. இல்லாதது விறைப்பு.

கடின எஃகில் ஆழம் குறைந்த வெட்டு கொடுக்கும்போது, டூலைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையைவிட, ஜாப்பிலிருந்து பின்னால் தள்ளும் விசை பெரிதாகிவிடும். மென்மையான எஃகில் பழகிய கைக்கு இது புதிது. முனையின் ரேடியஸுக்குள் அடங்கிவிடும் ஆழத்தில் வெட்டும்போது, வெட்டு நடப்பது முழுவதும் அந்த வளைவில்தான். தள்ளல் நேராகப் பின்னோக்கி வருகிறது. பின்னால் யார் தாங்குவது? டூல், டூல்போஸ்ட், காம்பவுண்ட் ஸ்லைடு, கிராஸ் ஸ்லைடு, சேடில், பெட். அந்தப் பக்கம் ஜாப், சக், ஸ்பிண்டில், பேரிங். இவற்றில் ஒவ்வொன்றும் துளித்துளியாக விலகினால் மொத்தத்தில் முனை ஜாப்பை விட்டு நழுவிவிடும்.

பலருக்கு வியப்பளிக்கும் ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். கடினப்படுத்திய எஃகுத் தண்டு, மென்மையான தண்டைவிடக் கொஞ்சமும் விறைப்பானது அல்ல. வளைத்த பின் திரும்பாமல் கோணலாக நின்றுவிடும் எல்லைதான் உயர்ந்திருக்கும். அந்த எல்லைக்குள் எவ்வளவு வளையும் என்பது இரண்டுக்கும் ஒன்றே. 10 மி.மீ. தண்டைச் சக்கிலிருந்து 60 மி.மீ. நீட்டிப் பிடித்து நுனியில் 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ விசை கொடுத்தால், நுனி 70 மைக்ரான் விலகும். நீட்டலைப் பாதியாக்கி 30 மி.மீ. ஆக்கினால் விலகல் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகி 9 மைக்ரானுக்கு இறங்கிவிடும். நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் இந்தக் கணக்கு ஓடுகிறது. டூலின் நீட்டலுக்கும் இதே கணக்குதான். அதனால் டூலை டூல்போஸ்ட்டிலிருந்து எவ்வளவு குறைவாக நீட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக நீட்டுகிறேன். ஜாப்பை விட்டத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் நீட்ட வேண்டி வந்தால், டெயில்ஸ்டாக்கில் சென்டர் கொடுக்காமல் தொடுவதில்லை.

லேத்தில் எது அதிகமாக விலகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். சக்கில் ஒரு பருத்த தண்டைப் பிடித்து, காந்த அடித்தளமுள்ள டயல் கேஜைப் பெட்டில் நிறுத்தி, அதன் ஊசியை டூல்போஸ்ட்டில் தொடவிடுவேன். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை டூல்போஸ்ட்டில் மாட்டி, 10 கிலோ காட்டும்வரை பின்னால் இழுப்பேன். ஊசி எத்தனை கோடு நகர்கிறது என்று பார்ப்பேன். பிறகு கேஜை காம்பவுண்ட் ஸ்லைடுக்கு, கிராஸ் ஸ்லைடுக்கு, சேடிலுக்கு என்று ஒவ்வொரு படியாக இறக்கி அதே இழுப்பைக் கொடுப்பேன். எந்தப் படியில் ஊசியின் நகர்வு சட்டென்று குறைகிறதோ, அதற்கு மேலே உள்ள இணைப்புதான் குற்றவாளி. இந்த வகை லேத்துகளில் பெரும்பாலும் அது காம்பவுண்ட் ஸ்லைடு. டேப்பர் வெட்ட மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு முழு வார்ப்பிரும்புக் கட்டையை உட்கார வைத்து, அதன் மேல் டூல்போஸ்ட்டை இறுக்குகிறேன். சின்ன லேத் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய திருத்தங்களில் இதற்கு ஈடானது இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அடுத்தது ஸ்பிண்டில். தொழிற்சாலையிலிருந்து 6206 பால் பேரிங்கோடு வரும் ஸ்பிண்டிலில் 30206 டேப்பர் ரோலரைப் போட்டு, முன்னழுத்தம் சரியாக வைத்தால் தண்டு ஆடுவது குறையும். கிராஸ் ஸ்லைடின் கிப் ஸ்க்ரூக்களை, கைப்பிடி சுற்றும்போது கொஞ்சம் கனமாகத் தெரியும்வரை இறுக்கி வைக்க வேண்டும். ஃபேசிங்குக்குச் சேடிலைப் பூட்டிவிட வேண்டும். எண்ணெய் துடைத்துச் சுத்தமாக இருக்க வேண்டியவை இணையும் முகங்கள். அங்கே ஒரு சுருள் துணுக்கு அகப்பட்டாலும் மேலே சொன்ன எல்லாம் வீண்.

இனி வெட்டின் ஆழம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சின்ன லேத், கடினமான எஃகு. இந்த இரண்டையும் சேர்த்து நினைத்ததும் கை தானாகப் பின்வாங்கும். இரண்டு ‘நூறில் ஒன்று’ கொடுப்போம், மெதுவாகப் போகலாம் என்று 0.02 மி.மீ. கொடுப்பார்கள். இதமாக நடத்துவதாக நினைப்பு. டூலுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. கார்பைடு இன்சர்ட்டின் வெட்டு முனை நம் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிந்தாலும் அது கோடு அல்ல, ஒரு சின்ன உருண்டை. முனை உதிராமல் இருக்கத் தயாரிப்பவர்களே அப்படி மழுக்கித் தருகிறார்கள். கோட்டிங் உள்ள சாதாரண இன்சர்ட்டில் அந்த உருண்டையின் ரேடியஸ் 20 முதல் 40 மைக்ரான்வரை இருக்கும். 20 மைக்ரான் தடிமன் ஏட்டை 30 மைக்ரான் உருண்டையால் எப்படி வெட்டுவது? முனைக்கு முன்னால் சுருள் கிளம்பாது. உலோகம் முனைக்கு அடியில் நசுங்கிப் போகும். டூல் தேய்க்கிறது, வெட்டவில்லை. தேய்ப்பதால் சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகச் சுருள் இல்லை. எல்லாம் டூலுக்குள்ளும் ஜாப்புக்குள்ளும் இறங்குகிறது. முனையின் பக்கவாட்டில் மழுங்கல் பட்டை அகலமாகிறது. மழுங்கல் கூடக்கூடத் தள்ளல் கூடுகிறது, லேத் இன்னும் விலகுகிறது. நாலு சுற்று போன பிறகு ஜாப் பளபளப்பாக இருக்கும், அளவு குறைந்திருக்காது. பிறகு ஒரு கணத்தில் சேர்ந்திருந்த இழுவை எல்லாம் விடுபட்டு, டூல் சட்டென்று உள்ளே பாயும், முனை உடையும்.

ஆகவே ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் டூல் கடிக்காது. ஒரு மேல் எல்லையும் உண்டு. அதற்கு மேல் கொடுத்தால் லேத் விலகி அதிரும். பெரிய லேத்தில் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே விசாலமான வெளி இருக்கிறது. எங்கே நின்றாலும் வேலை நடக்கும். சின்ன லேத்தில் அது ஒரு ஒற்றையடிப் பாதை. லேத்தை விறைப்பாக்குவது மேல் எல்லையை உயர்த்துகிறது. முனையைக் கூராக்குவது கீழ் எல்லையை இறக்குகிறது. இரண்டையும் சேர்த்துச் செய்யும்போதுதான் காலை வைக்க இடம் கிடைக்கிறது. அந்த இடம் கிடைத்த பிறகு தேவைப்படுவது தைரியம்: ஒரு பக்கத்துக்கு 0.1 அல்லது 0.15 மி.மீ. கொடுத்து, ஃபீட்டைப் போட்டுவிட்டு, நடுவில் நிறுத்தாமல் தோள்வரை போகவிடும் தைரியம். டூல் வெட்டிலிருக்கும்போது ஃபீட்டை நிறுத்தினால் அதுவும் தேய்ப்பே.

முனையைக் கூராக்க நான் எடுத்துக்கொள்வது, மெல்லிய பி.வி.டி. கோட்டிங் உள்ள இன்சர்ட். பெட்டியின் மேல் உலோக வகைகளை நிறத்தால் குறித்திருப்பார்கள். நீலம் சாதாரண எஃகு, சிவப்பு வார்ப்பிரும்பு, கடின எஃகுக்குச் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் கட்டத்தில் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். முனை ரேடியஸ் 0.4 மி.மீ. போதும்; சி.சி.எம்.டி. 060204 என்பதில் கடைசி 04 அதைத்தான் சொல்கிறது. 0.8 வாங்கினால் ஃபினிஷ் நன்றாக வரும் என்று கடைக்காரர் சொல்வார். பெரிய லேத்துக்கு அது சரி. சின்ன லேத்தில் தள்ளல் கூடி அதிர்வுதான் மிஞ்சும். 0.4 ரேடியஸிலேயே 0.094 ஃபீட்டுக்குக் கணக்குப்படி மேடு பள்ளம் 3 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். பேரிங் உட்கார அது தாராளம். அலுமினியத்துக்கென்று சவரக்கத்திக் கூரில் வரும் இன்சர்ட்டைச் சிலர் கடின எஃகுக்கு எடுப்பதுண்டு. 45, 50 ராக்வெல்வரை அது அழகாக வெட்டும். 60-ல் உதிரும். நுண்ணிய வைர அரத்தால் அந்த முனையை ஒரே ஒரு தடவை மெல்லத் தொட்டுவிட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை லீனியர் ஷாஃப்ட்டின் முனையைக் குறைப்பது. 16 மி.மீ. தண்டின் நுனியில் 6000 பேரிங் உட்கார 10 மி.மீ. படி வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தண்டுகள் இண்டக்‌ஷன் முறையில் தோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. தோல் 60 ராக்வெல்லைத் தாண்டும், ஆழம் 1 முதல் 2 மி.மீ. இருக்கும், உள்ளே மென்மையான எஃகு. மெல்லிய டிஸ்க்கால் அளவாக அறுத்த பிறகு, பெஞ்ச் கிரைண்டரில் நுனியைச் சுற்றிலும் 45 டிகிரியில் சாய்வாகத் தட்டிவிடுவேன். டூல் செங்குத்தான விளிம்பில் மோதி நுழைவதற்கும், சாய்வில் படிப்படியாக ஏறி நுழைவதற்கும் இன்சர்ட்டின் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு. பிறகு ஒரு பக்கத்துக்கு 0.2 மி.மீ. என்று இறங்குவேன். முதல் வெட்டுகளில் ஆரஞ்சுத் துணுக்குகள் சிதறும். சத்தம் சீராகச் சீறிக்கொண்டிருக்கும். இறங்க இறங்க, ஒரு வெட்டில் அந்தச் சீறல் தணியும். துணுக்குகள் நீளத் தொடங்கும். அடுத்த வெட்டில் நீல நிறத்தில் முழுச் சுருளாக எழும். தோல் முடிந்து உள்ளிருக்கும் எஃகு வந்துவிட்டது. வெளியே ஒரு அடையாளமும் இல்லாத ஒரே உலோகத் துண்டுக்குள், எந்த ஆழத்தில் தீ நின்றது என்பதைக் காதால் கேட்டுச் சொல்ல முடிகிற அந்தச் சில நொடிகளுக்காகவே இந்த வேலையை நான் விரும்பிச் செய்கிறேன்.

வைரம் எல்லாவற்றையும் வெட்டுமே, அதை ஏன் வைக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. வைரம் கார்பன். சூடான இரும்புக்குக் கார்பன் மேல் தீராத ஈர்ப்பு. வைர முனை எஃகுக்குள் கரைந்து போகும். அந்தக் குறையைத் தீர்த்தது 1957-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்ட்டார்ஃப் உருவாக்கிய கன போரான் நைட்ரைடு. சி.பி.என். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த நிலையில் இருப்பது. சூட்டிலும் இரும்போடு சேராதது. இதை நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்தில் ஓட்டலாம். 16 மி.மீ. தண்டுக்கு அது 2400 சுற்று. என் லேத்தின் உச்சத்துக்குப் பக்கத்தில். கார்பைடைப்போலப் பல மடங்கு விலை என்பதால் நான் கடைசி ஃபினிஷ் வெட்டுக்கு மட்டும் எடுக்கிறேன். முனை உடையாதிருக்க இதில் விளிம்பைச் சாய்வாகத் தட்டித் தந்திருப்பார்கள். அதனால் தள்ளல் கார்பைடைவிட அதிகம். விறைப்பாக்காத லேத்தில் இதைப் போடுவது பணத்தைக் கரைப்பது. இன்னொன்று, சி.பி.என். கடின எஃகுக்கென்றே ஆனது. தோலைத் தாண்டி மென்மையான எஃகுக்குள் நுழைந்ததும் அது வேகமாகத் தேயத் தொடங்கும். லீனியர் ஷாஃப்ட்டில் சீறல் தணிந்த இடத்தில் கார்பைடுக்கு மாறிவிட வேண்டும்.

அளவுக்குக் கொண்டுவருவதில் ஒரு முறை இருக்கிறது. லேத் எவ்வளவு விறைப்பானாலும் கொஞ்சம் விலகத்தான் செய்யும். விலகலை ஒழிக்க முடியாது; ஒரே அளவாக வைத்துக்கொள்ள முடியும். 10 மி.மீ. வேண்டும், இப்போது 10.60 இருக்கிறது என்றால், மிச்சத்தை மூன்று சம வெட்டுகளாகப் பிரிக்கிறேன். முதல் வெட்டில் டயலில் விட்டத்துக்கு 0.20 கொடுத்தேன், அளந்தால் 10.40-க்குப் பதில் 10.44 இருக்கிறது. 0.04 விலகலில் போயிற்று. டயலை வெட்டு நடந்த இடத்திலிருந்தே இன்னொரு 0.20 நகர்த்தினால், போன தடவை விட்டுப்போன 0.04-ம் சேர்ந்துகொள்வதால், இந்தத் தடவை கழிவது 0.20-ஐ ஒட்டியே வரும், 10.24 கிடைக்கும். டூல் எதிர்கொள்ளும் சுமை ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் விலகலும் ஒன்றாகிறது. மூன்றாவதற்கு 0.24-க்குச் சற்றே கூட்டிக் கொடுத்தால் சொன்ன இடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இதற்கு மாறாக ‘கடைசியாக ஒரு பூ வெட்டு’ என்று 0.02-ஐ மிச்சம் வைத்தால், மேலே சொன்ன கீழ் எல்லைக்குள் போய் மாட்டிக்கொள்வோம். கடைசி வெட்டும் முழு வெட்டாகவே இருக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் பொறுக்க வேண்டும். 20 மி.மீ. எஃகு 40 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் விட்டம் 9 மைக்ரான் பெருத்துக் காட்டும். அந்த அளவை நம்பிக் கடைசி வெட்டைக் கொடுத்தால், ஆறிய பிறகு பேரிங் தளர்ந்து சுழலும். ஜாப் கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சியாகத் தெரியும்வரை மைக்ரோமீட்டரை எடுப்பதில்லை.

முனை மழுங்கிய பிறகும் அதிலேயே ஓட்டுவது ஜாப்புக்கு ஆகாது. தேய்ந்த முனை மேற்பரப்பில் எழுப்பும் சூடும் உடனே அது ஆறுவதும் சேர்ந்து, சில மைக்ரான் தடிமனில் நொறுங்கும் தன்மையுள்ள ஒரு வெண்படலத்தை உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாது, பின்னாளில் அங்கிருந்து விரிசல் கிளம்பும். துணுக்குகளோடு தீப்பொறியும் கலந்து வந்தாலோ, சீறல் கிறீச்சலானாலோ, இன்சர்ட்டைத் திருப்பி அடுத்த முனையை வைத்துவிடுகிறேன்.

லேத்துக்குக் கீழே பனியன் வேஸ்ட் கிடக்கவே கூடாது. திருப்பூர் புண்ணியத்தில் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் துடைப்பதற்கு அதுதான். எண்ணெய் ஊறிய பனியன் துணிமேல் ஆரஞ்சுத் துணுக்கு விழுந்தால் பற்றிக்கொள்ளும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. துணுக்குகள் ஊசியாகத் தெறிக்கும். சூடும் கூர்மையும் சேர்ந்தவை. கையுறை மாட்டிக்கொண்டு லேத்தில் நிற்கக் கூடாது என்பது எந்தக் கடைசலுக்கும் பொது.

சில வேலைகளை இன்றும் தெருக்கோடித் தம்பியிடம்தான் கொடுக்கிறேன். சாவிப் பள்ளம் உள்ள தண்டு அதில் முதலாவது. ஒவ்வொரு சுற்றிலும் பள்ளத்தின் விளிம்பு வந்து முட்டுவதைச் சின்ன லேத்தின் விறைப்பும் கார்பைடின் முனையும் சேர்ந்தாலும் தாங்குவதில்லை. விரல் நுழையாத சின்னத் துளைகள் இன்னொன்று. அதற்குள் போகும் போரிங் பார் அவ்வளவு மெல்லிசாக இருந்தால் எந்த ஆழமும் கீழ் எல்லைக்கு அந்தப் பக்கம் வராது. பேரிங் உள்வளையத்தின் 30 மி.மீ. துளையை 32 ஆக்குவது மாதிரியான வேலை என்றால் கெட்டியான பாரை உள்ளே விட இடம் இருக்கிறது; வளையத்தைச் சக்கின் மூன்று தாடைகளில் நேராக இறுக்கினால் முக்கோணமாக நசுங்கும் என்பதால், அதற்கென்று கடைந்து பிளந்த ஒரு அலுமினிய வளையத்துக்குள் வைத்துச் சுற்றிலும் சமமாகப் பிடித்துக்கொள்கிறேன். அதை மட்டும் நானே செய்கிறேன்.